அதோல் ஃபியூகார்டை எங்கிருந்து வாசிக்கத் தொடங்குவது?

தென்னாப்பிரிக்க நாடக ஆசிரியர் அதோல் ஃபியூகார்ட் 2025 மார்ச் 8 அன்று தன் 92ஆவது வயதில் ஸ்டெல்லன்போஷ் நகரில் காலமானார். முப்பதுக்கும் மேற்பட்ட நாடகங்கள், ஒரு நாவல், நாட்குறிப்புகள், ஒரு நினைவுநூல் என்று நிறைய விட்டுச் சென்றிருக்கிறார். இத்தனையையும் பார்த்து மலைத்து நிற்பவர்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை. 1958இல் எழுதிய முதல் முழுநீள நாடகத்தைக் கையில் எடுத்து வரிசையாகப் படித்துக்கொண்டு வராதீர்கள். தொடக்க கால நாடகங்களில் அவர் தன் குரலை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார். அவற்றோடு ஆரம்பித்தால் பாதியில் விட்டுவிடுவீர்கள். நான் சொல்லும் வரிசை வேறு. அதற்குக் காரணமும் சொல்கிறேன்.

முதலில், தெரிந்துகொள்ள வேண்டிய சட்டங்கள்

நாடகத்தைத் திறப்பதற்கு முன் அரை மணி நேரம் ஒதுக்கி, நிறவெறி ஆட்சியின் சில சட்டங்களை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். தென்னாப்பிரிக்க வரலாறு முழுவதையும் படித்துவிட்டு வர வேண்டியதில்லை.

1948இல் தேசியக் கட்சி ஆட்சிக்கு வந்தது. 1950இல் வந்த மக்கள்தொகைப் பதிவுச் சட்டம் ஒவ்வொரு மனிதரையும் வெள்ளையர், கறுப்பர், கலப்பினத்தவர் என்று பிரித்துப் பதிவு செய்தது. அதே ஆண்டில் வந்த குழுப் பகுதிகள் சட்டம், எந்த இனத்தவர் எந்தப் பகுதியில் வசிக்கலாம் என்று தீர்மானித்தது. 1952க்குப் பிறகு கறுப்பின மக்கள் எங்கு போனாலும் பாஸ் புத்தகத்தைக் கையில் வைத்திருக்க வேண்டும். அதில் சரியான முத்திரை இல்லையென்றால் கைது, அல்லது ஊரைவிட்டு வெளியேற்றம். வெள்ளையருக்கும் மற்றவர்களுக்கும் இடையே உடலுறவை ஒழுக்கக்கேட்டுச் சட்டம் குற்றமாக்கியது. அப்புறம் 1965இல், வெவ்வேறு இனத்தவர் ஒரே மேடையில் நடிப்பதையும் ஒரே அரங்கில் உட்கார்ந்து பார்ப்பதையும் தடுக்கும் அரசாணை வந்தது.

ஃபியூகார்டின் நாடகங்களில் இந்தச் சட்டங்களைப் பற்றி யாரும் சொற்பொழிவு ஆற்றுவதில்லை. ஒரு பெஞ்சில் உட்கார முடியாமல் போவது, ஒரு புகைப்படம் எடுக்க வேண்டி வருவது, ஒரு தகரக் குடிசை இடிபடுவது ஆகிய சின்ன நிகழ்ச்சிகளாகத்தான் அவை உள்ளே வருகின்றன. சட்டம் தெரியாமல் படித்தால் அந்த இடங்களைத் தாண்டிப் போய்விடுவீர்கள்.

அவருக்கு இந்தச் சட்டங்கள் புத்தகத்தில் படித்துத் தெரிந்தவை இல்லை. 1958இல் ஜோஹானஸ்பர்க் போனபோது, பாஸ் சட்ட வழக்குகளை விசாரிக்கும் நீதிமன்றத்தில் எழுத்தராக வேலை பார்த்தார். சில நிமிடங்களுக்கு ஒருவர் என்று மனிதர்கள் உள்ளே வந்து தண்டனை பெற்றுப் போவதைத் தினமும் பக்கத்தில் இருந்து பார்த்தார். அவர் எழுதிய எல்லாவற்றுக்கும் அடியில் அந்த அறை இருக்கிறது என்றே நான் நினைக்கிறேன்.

இரண்டாவது: ‘மாஸ்டர் ஹெரால்ட் அண்ட் த பாய்ஸ்’

இங்கேதான் ஆரம்பிக்க வேண்டும். 1982இல் எழுதப்பட்ட, இடைவேளை இல்லாத நாடகம். மூன்றே பாத்திரங்கள். ஒரே உட்காரலில், சுமார் ஒன்றரை மணி நேரத்தில் முடித்துவிடலாம்.

1950ஆம் ஆண்டு, போர்ட் எலிசபெத் நகரம், மழை பெய்யும் ஒரு பிற்பகல், ஆளில்லாத ஒரு தேநீர்க் கடை. அங்கே வேலை செய்யும் சாம், வில்லி என்ற இரு கறுப்பினத்தவர்கள் நடனப் போட்டிக்குப் பயிற்சி செய்கிறார்கள். கடைக்காரம்மாவின் பதினேழு வயது மகன் ஹாலி பள்ளி முடிந்து வருகிறான். பேச்சும் சிரிப்புமாகப் போகிறது. சிறுவயதில் சாம் தனக்குக் காற்றாடி செய்து கொடுத்த நாளை ஹாலி நினைவுகூர்கிறான். தக்காளிப் பெட்டியின் மரம், பழுப்புக் காகிதம், மாவுப் பசை, அம்மாவின் பழைய காலுறையில் செய்த வால். அது பறந்தது. பறக்கவிட்டபின் சாம் அவனை ஒரு பெஞ்சில் உட்கார வைத்துவிட்டுப் போய்விட்டார். ஏன் போனார் என்று ஹாலி கேட்டதில்லை.

நடுவில் தொலைபேசி வருகிறது. மருத்துவமனையில் இருக்கும் குடிகார அப்பா வீடு திரும்பப் போகிறார். அந்தக் கோபம், அவமானம் எல்லாம் சாம் மீது திரும்புகிறது. இனிமேல் தன்னை ‘மாஸ்டர் ஹெரால்ட்’ என்றுதான் கூப்பிட வேண்டும் என்கிறான் ஹாலி. அப்புறம் சாமின் முகத்தில் துப்புகிறான்.

முதல் வாசிப்பில் கதையை மட்டும் பின்தொடருங்கள். இரண்டாவது வாசிப்பில் காற்றாடிக்கு வாருங்கள். கடைசிப் பக்கங்களில்தான் சாம் அதை ஏன் செய்தார் என்று தெரியவருகிறது. போதையில் விழுந்து கிடந்த அப்பாவைத் தூக்கிவர ஒரு இரவு அந்தச் சிறுவன் சாமை அழைத்துப் போயிருந்தான். சாம் அவரை முதுகில் சுமந்துவர, பையன் பின்னால் தலைகுனிந்து நடந்தான். அவன் நிமிர்ந்து பார்க்க வேண்டும் என்பதற்காகவே காற்றாடி. பெஞ்சு வெள்ளையருக்கு மட்டுமானது என்பதால்தான் அவர் கூட உட்காரவில்லை. இந்த இரண்டு தகவலையும் கடைசிவரை ஒளித்து வைத்திருக்கும் கைத்திறனைக் கவனியுங்கள். நாடகம் எழுத ஆசைப்படுபவர்களுக்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

படித்து முடித்தபின் அவருடைய வாழ்க்கைக்குப் போங்கள். முன்னால் வேண்டாம். 1932 ஜூன் 11 அன்று மிடில்பர்க் என்ற சிற்றூரில் பிறந்தவர். முழுப்பெயர் ஹெரால்ட் அதோல் லானிகன் ஃபியூகார்ட். மூன்று வயதில் குடும்பம் போர்ட் எலிசபெத்துக்கு வந்தது. அப்பா ஒரு காலத்தில் ஜாஸ் குழுவில் பியானோ வாசித்தவர். நடக்கச் சிரமப்பட்டவர், குடிப்பழக்கம் உள்ளவர். ஆஃப்ரிகானர் (டச்சுக் குடியேறிகளின் வழிவந்த வெள்ளையர்) குடும்பத்துப் பெண்ணான அம்மாதான் முதலில் ஒரு தங்கும் விடுதியும், அப்புறம் செயின்ட் ஜார்ஜ் பூங்காவில் ஒரு தேநீர்க் கடையும் நடத்திக் குடும்பத்தைக் காப்பாற்றினார். அங்கே வேலை பார்த்தவர் சாம் செமேலா. சிறுவன் ஃபியூகார்டுக்கு இருந்த ஒரே நெருங்கிய நண்பர்.

அவர் முகத்தில் துப்பியது உண்மையில் நடந்தது. ஒருநாள் சண்டை வந்து, கடையை மூடிவிட்டு சாம் நடந்து போக, பின்னால் சைக்கிளில் போன பையன் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, அவர் திரும்பியதும் துப்பிவிட்டுப் போனான். 1961இல் நாட்குறிப்பில் இதை எழுதிவைத்த ஃபியூகார்ட், நாடகமாக்க இன்னும் இருபது ஆண்டுகள் எடுத்துக்கொண்டார். தெருவில் நடந்ததைக் கடைக்குள் கொண்டுவந்தார், தன் வயதைக் கூட்டினார், வில்லியைச் சாட்சியாக நிறுத்தினார். வாழ்க்கையும் நாடகமும் எங்கே பிரிகின்றன என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். அவர் தன்னைத் தப்பவிட ஒரு வரிகூட எழுதவில்லை என்பது அப்போது தெரியும். நிறவெறியை எதிர்த்த வீரர் என்று சொல்லி அவருக்கு மாலை போடுவது எளிது. தானும் அதன் பங்காளி என்று மேடையில் நின்று சொன்னவர் என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

இந்த நாடகம் முதலில் அமெரிக்காவில், யேல் பல்கலைக்கழக அரங்கில் மேடையேறியது. அப்புறம் நியூயார்க்கின் பிராட்வே. சாமாக நடித்த ஸேக்ஸ் மொகாயே அதற்காக அமெரிக்க நாடக உலகின் டோனி விருது பெற்றார். தென்னாப்பிரிக்காவில் புத்தகத்துக்கு முதலில் தடை. 1983இல் ஜோஹானஸ்பர்க் மார்க்கெட் தியேட்டரில் நடந்தது. பழைய இந்தியப் பழச்சந்தைக் கட்டடத்தை அரங்காக மாற்றி 1976இல் தொடங்கிய இடம் அது.

மூன்றாவது: மூன்று பேர் சேர்ந்து செய்த இரண்டு நாடகங்கள்

அடுத்து ‘சிஸ்வே பான்சி இஸ் டெட்’, ‘த ஐலண்ட்’. இவற்றைச் சேர்த்தே படியுங்கள். அட்டையில் ஃபியூகார்டின் பெயரை மட்டும் பார்த்துவிட்டு நிற்காதீர்கள். ஜான் கானி, வின்ஸ்டன் என்ட்ஷோனா இருவரும் இவற்றின் இணை ஆசிரியர்கள்.

1963இல் போர்ட் எலிசபெத்தின் கறுப்பினக் குடியிருப்பான நியூ பிரைட்டனைச் சேர்ந்த சிலர் ஃபியூகார்டைத் தேடி வந்து, நாடகம் போட உதவி கேட்டார்கள். ஒரு பழைய பாம்புக் காட்சியகத்தில் முதல் நாடகம் நடந்ததால் குழுவுக்கு சர்ப்பன்ட் பிளேயர்ஸ் என்று பெயர். பகலில் தொழிற்சாலை வேலை, மாலையில் ஒத்திகை. போலீஸ் தொந்தரவு ஓயவில்லை. பழைய கிரேக்க நாடகமான ‘ஆன்டிகனி’யின் ஒத்திகை நடக்கும்போது குழுவின் நடிகர் ஒருவர் கைதாகி ராபன் தீவுச் சிறைக்குப் போனார். அவர் அங்கே தன் நினைவில் இருந்த ‘ஆன்டிகனி’யைச் சுருக்கி, கைதிகளின் நிகழ்ச்சி ஒன்றில் நடித்துக் காட்டினார். ‘த ஐலண்ட்’ பிறந்தது அந்தச் செய்தியிலிருந்து.

‘சிஸ்வே பான்சி’ 1972 அக்டோபரில் கேப் டவுனின் ஸ்பேஸ் தியேட்டரில் நடந்தது. முதல் பகுதி முழுக்கப் புகைப்படக் கடைக்காரர் ஸ்டைல்ஸ் தனியாகப் பேசுவது. முன்பு தான் வேலை பார்த்த ஃபோர்டு கார் தொழிற்சாலைக்குப் பெரிய முதலாளி வருகிறார் என்று மேலதிகாரிகள் செய்யும் கூத்தை அவர் விவரிப்பார். கானி உண்மையிலேயே ஃபோர்டு தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். அந்தச் சிரிப்புக்குள் இருக்கும் நுணுக்கம் வெளியிலிருந்து வந்திருக்க முடியாது. பிறகு முத்திரை இல்லாத பாஸுடன் ஒரு மனிதர் வருகிறார். இறந்துபோன இன்னொருவரின் பாஸில் தன் படத்தை ஒட்டி, அவர் பெயரில் வாழ்ந்தால்தான் நகரத்தில் வேலை. தன் பெயரை விட்டுக்கொடுக்கலாமா என்று அவர் தவிக்கும் பகுதியை மெதுவாகப் படியுங்கள்.

எழுதிய பிரதி முதலில் கிடையாது. மூவரும் பேசி, நடித்துப் பார்த்து, அப்படியே உருவாக்கினார்கள். எழுத்தில் இல்லாததால் தணிக்கைக்கும் பிடி கிடைக்கவில்லை. கறுப்பினத்தவருக்கு ‘நடிகர்’ என்ற வேலைப் பிரிவே சட்டத்தில் இல்லாததால், கானியும் என்ட்ஷோனாவும் ஃபியூகார்டின் வீட்டு வேலையாட்கள் என்று பதிவு செய்யப்பட்டார்கள்.

‘த ஐலண்ட்’ 1973இல் வந்தது. சிறை நிலைமையைப் பற்றி எழுதுவதே குற்றம் என்பதால் தீவு என்ற பெயரே இல்லாமல், வேறு தலைப்பில் அரங்கேறியது. தொடக்கத்தில் வசனமே இல்லை: இரண்டு கைதிகள் மணலை அள்ளித் தள்ளுவண்டியில் கொண்டுபோய் ஒருவர் இடத்தில் இன்னொருவர் கொட்டுகிறார்கள். வேலை முடிவதே இல்லை. புத்தகத்தில் அது சில வரிகள்தான். மேடையில் பல நிமிடங்கள் நீளும். படிக்கும்போது அந்த இடத்தில் நிறுத்தி, கடிகாரத்தைப் பார்த்து ஐந்து நிமிடமாவது சும்மா இருங்கள். அதற்குப் பிறகு வரும் முதல் பேச்சு வேறு மாதிரி கேட்கும்.

இந்த இரண்டு நாடகங்களுக்காகக் கானியும் என்ட்ஷோனாவும் 1975இல் சிறந்த நடிகருக்கான டோனி விருதைப் பகிர்ந்துகொண்டார்கள். அடுத்த ஆண்டே சொந்த நாட்டில், ‘சிஸ்வே பான்சி’யை நடித்ததற்காக டிரான்ஸ்கை பகுதியில் சிறை வைக்கப்பட்டார்கள். வெளிநாடுகளில் எதிர்ப்பு கிளம்பிய பிறகே விடுதலை. ஃபியூகார்டின் பெயரைச் சொல்லும்போதெல்லாம் இந்த இருவரின் பெயரையும் சேர்த்துச் சொல்லப் பழகுங்கள். ஆபத்தில் பெரிய பங்கு அவர்களுடையது.

நான்காவது: பின்னோக்கிப் போவது

இப்போது அறுபதுகளுக்குப் போகலாம். ‘த பிளட் நாட்’ 1961இல் ஜோஹானஸ்பர்க்கின் டோர்க்கே ஹவுஸில் நடந்தது. ஒரே தாய்க்குப் பிறந்த இரு சகோதரர்கள். ஒருவர் வெள்ளையராகத் தோற்றம் தரும் அளவுக்கு வெளுத்த நிறம், இன்னொருவர் கறுப்பு. ஃபியூகார்டும் மொகாயேவும் நடித்தார்கள். அப்புறம் நாடு முழுக்கச் சுற்றுப்பயணம் போனபோது இவர் முதல் வகுப்பிலும் அவர் மூன்றாம் வகுப்பிலும் ரயிலில் போக வேண்டியிருந்தது. நீளமான நாடகம், சில இடங்கள் இழுக்கும். பிற்காலத்தில் அவரே சுருக்கிய பதிப்பைத் தேடிப் படியுங்கள்.

இதை பிபிசி தொலைக்காட்சி ஒளிபரப்பிய பின் 1967இல் அரசு அவருடைய கடவுச்சீட்டைப் பறித்தது. 1971இல்தான் திரும்பக் கிடைத்தது.

1969இல் வந்த ‘பூஸ்மன் அண்ட் லேனா’ எனக்கு மிகப் பிடித்தது. புல்டோசர் இடித்த குடிசையிலிருந்து சாமான்களைத் தலையில் சுமந்துகொண்டு ஒரு தம்பதி ஸ்வார்ட்கோப்ஸ் ஆற்றுச் சேற்றுவெளிக்கு வருகிறார்கள். எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு வந்தோம், எது முதலில், எது அடுத்து என்று லேனா வரிசைப்படுத்தப் பார்க்கிறாள்; முடிவதில்லை. ஊர்ப் பெயர்கள் திரும்பத் திரும்ப வரும். போர்ட் எலிசபெத் வரைபடத்தைத் திறந்துவைத்துக்கொண்டு படித்தால் அவள் எத்தனை சின்ன வட்டத்துக்குள் வாழ்நாள் முழுக்க விரட்டப்பட்டிருக்கிறாள் என்று தெரியும். அந்த நகரத்தின் பெயர் 2021இல் க்கெபெர்ஹா என்று மாறியிருக்கிறது; தேடும்போது இரண்டையும் போட்டுப் பாருங்கள்.

ஐந்தாவது: விருப்பப்படி

இதற்கு மேல் வரிசை தேவையில்லை. ‘த ரோட் டு மெக்கா’ (1984), நியூ பெதஸ்டா என்ற சிற்றூரில் தன் முற்றம் முழுக்க சிமென்ட் ஆந்தைகளும் ஒட்டகங்களும் செய்து வைத்த ஹெலன் மார்ட்டின்ஸ் என்ற உண்மையான பெண்ணைப் பற்றியது. கலை, தனிமை, முதுமை பற்றி யோசிப்பவர்களுக்கு. ஆசிரியர்களாக இருப்பவர்கள் ‘மை சில்ட்ரன்! மை ஆஃப்ரிக்கா!’ (1989) படியுங்கள்: சொற்களை நம்பும் ஒரு ஆசிரியரும், பள்ளிப் புறக்கணிப்பில் இறங்கும் அவருடைய மாணவனும் மோதுகிறார்கள். நிறவெறி ஆட்சி முடிந்த 1994க்குப் பிந்தைய நாடகங்களில் ‘த ட்ரெய்ன் டிரைவர்’ (2010) ஒன்று போதும்.

‘ட்சோட்ஸி’ படத்தைப் பார்த்துவிட்டு வருபவர்கள் உண்டு. 2006இல் ஆஸ்கர் வாங்கிய அந்தப் படம் அவருடைய ஒரே நாவலிலிருந்து வந்தது. ஆனால் ஐம்பதுகளில் நடக்கும் கதையைப் படம் இன்றைய காலத்துக்கு மாற்றிவிட்டது. அதை வைத்து அவரை எடைபோட வேண்டாம். ‘காந்தி’ படத்தில் ஜெனரல் ஸ்மட்ஸாக வருபவரும் இவர்தான். நம்மில் பலர் அவர் முகத்தை ஏற்கெனவே பார்த்திருக்கிறோம்.

எப்படிப் படிப்பது

வாய்விட்டுப் படியுங்கள். இதை மட்டும் விட்டுக்கொடுக்கமாட்டேன். பெரும்பாலான நாடகங்களில் இரண்டு அல்லது மூன்று பாத்திரங்கள்தான்; இரண்டு நண்பர்கள் கிடைத்தால் போதும். காசில்லாமல், அரங்கில்லாமல், நடிகர்களின் உடலையும் குரலையும் மட்டும் நம்பி எழுதப்பட்டவை இவை. மௌன வாசிப்பில் பாதி காணாமல் போகும்.

ஆஃப்ரிகானர்களின் மொழியான ஆஃப்ரிகான்ஸ் சொற்கள் அடிக்கடி வரும். பல பதிப்புகளில் பின்னால் சொற்பட்டியல் இருக்கிறது. இல்லாவிட்டாலும் நிற்காமல் படியுங்கள், யார் யாரிடம் சொல்கிறார் என்பதிலேயே பாதி புரிந்துவிடும். தனித்தனியாக வாங்குவதைவிட ஆக்ஸ்ஃபோர்டு வெளியீடான ‘போர்ட் எலிசபெத் ப்ளேஸ்’, ‘டவுன்ஷிப் ப்ளேஸ்’ என்ற இரண்டு தொகுப்புகள் லாபம். முதலாவதில் ‘மாஸ்டர் ஹெரால்ட்’, ‘பிளட் நாட்’, ‘பூஸ்மன் அண்ட் லேனா’ மூன்றும் இருக்கின்றன. இரண்டாவதில் ‘சிஸ்வே பான்சி’யும் ‘த ஐலண்ட்’டும். நான்கைந்து நாடகங்கள் முடித்தபின் 1960 முதல் 1977 வரையிலான அவருடைய நாட்குறிப்புகளைத் தேடுங்கள்.

படிக்கும்போது ஒரு கேள்வி கண்டிப்பாக எழும்: கறுப்பினத்தவரின் துயரத்தை ஒரு வெள்ளையர் எழுதலாமா? அந்தக் கேள்வி அவர் காலத்திலேயே கேட்கப்பட்டது. அறுபதுகளின் தொடக்கத்தில், இனப்பிரிவினை உள்ள அரங்குகளுக்கு நாடகம் தராதீர்கள் என்று வெளிநாட்டு எழுத்தாளர்களை வேண்டியவர் அவர். பிறகு, மௌனத்தைவிட மேடை மேல் என்று மாறினார். இடதுசாரிகள் அவரைப் போதுமான அளவு கடுமையில்லாதவர் என்று விமர்சித்தார்கள். எனக்கு அவர் தன்னைப் பற்றி எழுதியபோது முழு உரிமையோடும், கானி, என்ட்ஷோனாவோடு சேர்ந்து எழுதியபோது பகிர்ந்த உரிமையோடும் எழுதியதாகத் தோன்றுகிறது. லேனாவை எழுதிய உரிமை எங்கிருந்து வந்தது என்பதை நான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். நீங்களும் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

தமிழில் மேடையேற்றவோ மொழிபெயர்த்து வெளியிடவோ ஆசை வந்தால் முதலில் உரிமை கேட்டு எழுதுங்கள். இந்தியச் சட்டப்படி ஆசிரியர் இறந்து 60 ஆண்டுகள் வரை பதிப்புரிமை உண்டு. கூட்டாக எழுதிய நாடகங்களுக்கு இணை ஆசிரியர்களின் உரிமையும் சேர்த்தி.

அடுத்து எங்கே போவது?

ஜான் கானி தனியாக எழுதிய ‘நத்திங் பட் த ட்ரூத்’ (2002) முதலில். நிறவெறி முடிந்தபின், அந்தக் காலத்துக் கொடுமைகளை விசாரித்த உண்மை ஆணையத்தின் காலத்தில், ஒரு கறுப்பினக் குடும்பத்துக்குள் என்ன மிச்சமிருக்கிறது என்று அவர் காட்டுவதை ஃபியூகார்டால் எழுதியிருக்க முடியாது. அதன்பின் ரோனி கோவெண்டர். டர்பனின் கேட்டோ மேனரில் தமிழ் வழி வந்த குடும்பத்தில் பிறந்தவர், நாடக ஆசிரியர், 2021இல் காலமானார். கேட்டோ மேனர் கதைகளைத் தொகுத்த அவருடைய ‘அட் த எட்ஜ்’ 1997இல் ஆப்பிரிக்கப் பகுதிக்கான காமன்வெல்த் எழுத்தாளர் பரிசு பெற்றது. குழுப் பகுதிகள் சட்டம் கலைத்துப்போட்ட தெருக்களைப் பற்றி அங்கேயே வளர்ந்த ஒருவர் எழுதியது அது. லேனாவைப் படித்த கையோடு அதை எடுங்கள்.